பெறுபவர் கையொப்பம்

பனைவிளை கிளை அஞ்சலகம்,
சாத்தான்குளம் வழி.
10 ஜூன் 2024

திருமதி அருள்கனி அவர்களுக்கு,

வழக்கமாக முதல் வரியில் போடும் ஸ்தோத்திரத்தை இந்தக் கடிதத்தில் போடவில்லை. மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றேதான்.

எழுதுவது தங்கள் உடன்பிறந்த தம்பி ஞானதுரை. அப்படி ஒருவன் இருப்பது தங்களுக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ என்பதால் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நேற்று ஆராதனை முடிந்து வரும் வழியில் டீக்கடையில் சுடலையைப் பார்த்தேன். திருப்பூரில் தங்கள் தெருவில் குடியிருக்கும் அதே டெய்லர் சுடலைதான். கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊர் வந்திருக்கிறான். கடை நிறைய ஆட்கள். எல்லார் முன்னாலும், "அண்ணாச்சி, ஒங்க அக்கா உயில் எழுதி ரிஜிஸ்டர் பண்ணிட்டாவளே, நீங்க வரலியா? பக்கத்து வீட்டு பொன்னாத்தாம்மாவும் வக்கீல் குமாஸ்தாவும்லா சாட்சிக்குப் போனாவ" என்றான். டீயைப் பாதியிலேயே வைத்தேன். "எனக்கு வேல இருந்துச்சு" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக.

சொத்து யாருக்கு என்று நான் கேட்கவில்லை. சித்ராவுக்குத்தான் எழுதியிருப்பீர்கள். எழுதத்தான் வேண்டும். தங்களோடு பனியன் கம்பெனியில் வேலை பார்த்த ஒச்சம்மாள் கண்ணை மூடியபோது, அந்தச் சின்னப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் தாங்கள். பிள்ளையில்லாத வீட்டில் அத்தானும் தாங்களும் அவளை மகளாகவே வளர்த்து, முனீஸுக்குக் கட்டியும் கொடுத்தீர்கள். வீடு அவளுக்கு இல்லாமல் யாருக்கு?

என் கேள்வி சாட்சிக் கையெழுத்தைப் பற்றியது. நம் குடும்பத்தில் எந்தப் பத்திரம் எழுதினாலும் முதல் சாட்சி உடன்பிறந்தவன். அப்பா தோட்டத்தை விற்றபோது சித்தப்பா போட்டார். உன் கல்யாணத்துக்குச் சபை ரிஜிஸ்டரில் நான் போட்டேன். நீ திருப்பூரில் இடம் வாங்கியபோது பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து போட்டேன். அத்தான் இறந்தபோது கேட்ட காகிதத்துக்கெல்லாம் நான்தான் போட்டேன். உயிலுக்கு மட்டும் நான் அந்நியனா? குமாஸ்தாவுக்கு இருக்கிற உரிமை எனக்கு இல்லையா? பாருங்கள், கோபத்தில் 'தாங்கள்' கீழே விழுந்துவிட்டது. கிடக்கட்டும், எடுக்கப்போவதில்லை.

உன் நம்பரைப் போனில் வராதபடி அடைத்துவிட்டேன். எனக்குச் செய்யத் தெரியாததால் மளிகைக் கடைக்காரரிடம் கொடுத்துச் செய்துகொண்டேன். கடிதம் அனுப்பினால் பிரிக்காமல் திருப்பி விடுவேன். டிசம்பருக்குப் பிறகு இந்த விலாசத்துக்கு எதுவும் அனுப்பவே வேண்டாம்.

இப்படிக்கு,
சாட்சிக்கு ஆகாதவன்,
ஞானதுரை


முதலிபாளையம்,
திருப்பூர்.
20 ஜூன் 2024

அன்புள்ள தம்பி ஞானத்துக்கு,

அக்காவின் ஸ்தோத்திரம். நீ போடாமல் விட்டதையும் சேர்த்து இரண்டு.

இதை ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். ஏன் தெரியுமா? அந்த ஊருக்குத் தபால்காரனே நீதான். வாங்க மாட்டேன் என்றால் உன் வாசலில் நீயே போய் நின்று, உன்னை நீயே கூப்பிட்டு, நீயே மறுத்து, 'பெற மறுத்தார்' என்று உன் கையாலேயே எழுதித் தபால் பையில் கட்டி அனுப்ப வேண்டும். மனசு வந்தால் செய்.

உனக்கு ஒரு விஷயம் சொல்லவில்லை. கழுத்தில் ஒரு கட்டி வந்திருக்கிறது. மார்ச் மாதமே பார்த்துவிட்டார்கள். ஆபரேஷன் செய்துதான் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியுமாம். கடிதத்தைக் கீழே போடாமல் மேலே படி.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு எனக்கு ஒரே நினைப்பு, சித்ரா. நாங்கள் அவளை முறைப்படி தத்து எடுக்கவில்லை. அப்போது அதெல்லாம் யாருக்குத் தெரியும்? சட்டத்தின் கண்ணுக்கு அவள் எனக்கு யாரோ. ஓடிப்போய்ப் பத்திரம் எழுதும் ஒருவரைப் பிடித்து, முத்திரைத்தாள் வாங்கி, வீடு சித்ராவுக்கு என்று எழுதினேன். சாட்சி யார் என்றார். முனீஸைக் கூப்பிட்டேன். வீட்டு மருமகனை விட்டுவிட்டு வெளி ஆளைக் கூப்பிட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான் அல்லவா, நீ இப்போது வைத்திருக்கிற மாதிரி. அவனும் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்து முதல் சாட்சியாகப் பெரிதாகப் போட்டான். அன்றைக்குப் பாயசம் வைத்தேன்.

அந்த உயிலை பீரோவில் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். பொன்னாத்தாள் தன் வீட்டு வாடகைத் தகராறு விஷயமாக வக்கீல் கிருத்திகாவைப் பார்க்கப் போனவள், "நீயும் வாக்கா, அந்தக் காயிதத்தையும் எடுத்துக்க, ஒருக்கா காட்டிப்போடலாம்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கோர்ட்டுக்குப் பக்கத்தில் கீழே நூல் கடை, மாடியில் ஆபீஸ். சின்னப் பெண்தான். உயிலை முதலிலிருந்து கடைசி வரை படித்தாள்.

"ஏனுங்கம்மா, இந்த முனீஸுங்கறது ஆருங்க?"

"எங்க மருமகன்மா. வீடு அவன் பொஞ்சாதிக்குத்தான எழுதியிருக்கு."

அவள் பென்சிலால் அந்தக் கையெழுத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். "அப்படீன்னா இந்த உயில்ல உங்க பொண்ணுக்கு ஒண்ணுமே போகாதுங்கம்மா" என்றாள்.

பிறகு பொறுமையாகச் சொன்னாள். உயிலுக்கு இரண்டு சாட்சி வேண்டும். நாம் கையெழுத்துப் போடுவதை அவர்கள் பார்க்க வேண்டும், நம் முன்னால் அவர்களும் போட வேண்டும். ஆனால் கிறிஸ்தவர்கள் எழுதும் உயிலில், எதையாவது பெறுகிறவரோ, பெறுகிறவரின் கணவனோ மனைவியோ சாட்சியாகப் போட்டுவிட்டால், உயில் நிற்கும், அவருக்கு எழுதிய பங்கு மட்டும் செல்லாமல் போய்விடும். "எங்களுக்கும் அப்படித்தானா கண்ணு?" என்று பொன்னாத்தாள் கேட்டாள். "இந்துக்களுக்கு அந்த விதி இல்லீங்க. இருந்தாலும் வெளியாளுங்க போடறதுதான் நல்லதுங்க" என்றாள்.

முப்பது வருஷம் செக்கிங் டேபிளில் நின்றவள் நான். ஒரு தையல் விட்டிருந்தாலும், துணியில் ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும், சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி அந்த பீஸைத் தள்ளிவிடுவேன். என் உயிலில் இருந்த ஓட்டை என் கண்ணுக்குப் படவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு நான் போயிருந்தால் வீடு யாருக்கு வந்திருக்கும் தெரியுமா? எனக்கு அடுத்த ரத்த சொந்தம் ஒருவன்தான். சாட்சிக்கு ஆகாதவன் ஞானதுரை.

புது உயிலை அவளே எழுதிக் கொடுத்தாள். முத்திரைத்தாள் தேவையில்லையாம், வெள்ளைத் தாளே போதுமாம். நான் தெளிந்த புத்தியோடு இருக்கிறேன் என்று டாக்டரிடம் ஒரு சான்று வாங்கச் சொன்னாள். இதைக் கேட்டால் நீ சிரிப்பாய் என்று தெரியும். 'இதற்கு முன் எழுதிய உயிலை ரத்து செய்கிறேன்' என்று ஒரு வரி சேர்த்தாள். உயிரோடு இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதுதான் நிற்கும். பதிவு செய்யாவிட்டாலும் செல்லும், செய்துவிட்டால் நாளைக்கு யாரும் வாய் பேச முடியாது என்றாள். செய்துவிட்டேன். சாட்சிக்குப் பொன்னாத்தாளும், வக்கீலின் குமாஸ்தா மயில்சாமியும். பொன்னாத்தாள் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் போட்டு முடிப்பதற்குள் சார்பதிவாளர் ஒரு டீ குடித்துவிட்டார். படி இறங்கும்போது என் உடம்பில் பாதி கனம் குறைந்த மாதிரி இருந்தது.

உன்னைக் கூப்பிடாததற்கு ஒரு காரணம் உண்டு. இப்போது சொல்ல மாட்டேன்.

அக்கா,
அருள்கனி


பனைவிளை
2 ஜூலை 2024

அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். ஒன்றே ஒன்று.

பதிவுத் தபாலை வாங்கினேன். அட்டையில் நீ பார்த்திருக்கும் கையெழுத்து ஞானதுரை என்கிற தபால்காரன் போட்டது. தம்பி போட்டதல்ல. எனக்கு வந்ததை நானே மறுத்துத் திருப்பினால் சாத்தான்குளம் ஆபீஸில் கை கொட்டிச் சிரிப்பார்கள்.

கட்டியை ஏன் மறைத்தாய்? நான் போனை அடைத்தது ஜூனில். கட்டி மார்ச்சில் இருந்திருக்கிறது. நடுவில் ஈஸ்டருக்குப் பேசினோமே, கருப்பட்டி வந்து சேர்ந்தது, சித்ரா தின்றே தீர்த்துவிட்டாள் என்று அவ்வளவு நேரம் பேசினாயே, அதில் இதற்கு ஒரு நிமிஷம் கிடைக்கவில்லையா? ஒரு கோபம் முடிவதற்குள் அடுத்ததற்கு வழி செய்துவிடுகிறாய்.

வீடு எனக்கு வந்திருக்கும் என்று எழுதியிருக்கிறாய். வந்திருந்தால் அடுத்த பஸ்ஸிலேயே வந்து அந்தப் பிள்ளை பெயருக்கு மாற்றிக் கொடுத்திருப்பேன். இது உனக்குத் தெரியாதா?

சரி, சட்டத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டுத்தான் பேசுகிறேன். பெறுகிறவன் சாட்சி போடக் கூடாது. முனீஸ் பெறுகிறவளின் புருஷன், அதனால் அவன் கூடாது. ஒத்துக்கொள்கிறேன். நான் யார்? நான் ஒன்றும் பெறாதவன். உன் வீட்டில் ஒரு செங்கல்கூட எனக்கு வேண்டாம் என்று அத்தான் இருக்கும்போதே சொன்னவன். அப்படியானால் உன் வக்கீல் சொல்கிற சட்டப்படியே பார்த்தாலும், உன் உயிலுக்குச் சாட்சி போட என்னைவிடத் தகுதியான ஆள் இந்தத் தமிழ்நாட்டில் உண்டா?

இதை அந்த வக்கீலம்மாவிடமே கேட்டுவிட்டேன். சுடலையிடம் நம்பர் வாங்கிக் கூப்பிட்டேன். "மூணாவது சாட்சியாவது ஓரத்துல ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போறேம்மா" என்றேன். "வேண்டாமுங்க சார். அம்மா எழுதுனதப் பத்தி அம்மா சொல்லாம நான் வாயத் தொறக்கப்படாதுங்க" என்றாள். "நீ ஒண்ணும் சொல்லாண்டாம். நான் ஒண்ணும் பெறாதவன், எனக்குத் தகுதி இருக்கா இல்லியா, அத மட்டும் சொல்லு" என்றேன். அதற்கு, "சார், நீங்க சாப்டீங்களா?" என்று கேட்கிறாள். மத்தியானம் மூன்று மணிக்கு! இவளிடம் போயா உயிலை எழுதினாய்?

இன்னொரு உயில் எழுது. எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம் என்று நீதானே சொல்கிறாய். தேதியைச் சொல், பேனாவோடு வருகிறேன்.

இப்படிக்கு,
ஒன்றும் பெறாதவன்,
ஞானதுரை


முதலிபாளையம்
11 ஜூலை 2024

அன்புள்ள ஞானம்,

ஸ்தோத்திரம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். சிரித்தால் கழுத்து இழுக்கிறது. சித்ரா வந்து அதட்டினாள், பிறகு அவளும் வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தாள். வக்கீலம்மா வேறு போன் செய்து, "அம்மா, உங்க தம்பிகிட்டச் சீக்கிரம் சொல்லிப்போடுங்க. எனக்கு வாய் நிக்க மாட்டேங்குதுங்க" என்கிறாள். நீ பேசியதை நினைத்து அவளும் அன்றைக்கு முழுக்கச் சிரித்தாளாம். கோபித்துக்கொள்ளாதே. யாரும் உன்னைக் கேலி செய்து சிரிக்கவில்லை.

வரும் வியாழக்கிழமை கோயம்புத்தூரில் ஆபரேஷன். புதன்கிழமையே போய்ச் சேரச் சொல்லியிருக்கிறார்கள். முனீஸ் கம்பெனியில் ஷிப்மென்ட் நேரம், இருந்தும் லீவு சொல்லிவிட்டான். சித்ரா என் புடவைகளை மடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள். எதை எடுத்து வைப்பது என்று என்னிடம் கேட்கக்கூடப் பயப்படுகிறாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. இதை இவர்களிடம் சொல்லவில்லை. வீட்டுக் கவலை தீர்ந்துவிட்டது, அதனால் செத்தாலும் பரவாயில்லை என்று வாயால் சொல்லிக்கொண்டு திரிகிறேன். மனசு அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்க வேண்டும்போல் இருக்கிறது.

உன்னை ஏன் கூப்பிடவில்லை என்பதை நான் திரும்பி வந்து என் வாயாலேயே சொல்கிறேன். வராமல் போனால் வக்கீலம்மா சொல்வாள். நானே சொல்ல வேண்டும் என்றுதான் ஆசை.

முடிந்தால் வா. பேனா வேண்டாம்.

அக்கா


பனைவிளை
21 ஜூலை 2024

அன்புள்ள அக்கா,

ஸ்தோத்திரம். எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

என்னைக் கிண்டல் செய்வதற்குப் பதிவுத் தபால், ஆபரேஷனைச் சொல்வதற்குச் சாதாரணத் தபால். உன் கடிதம் வியாழக்கிழமைப் பையில் வந்து சேர்ந்தது. சைக்கிளில் உட்கார்ந்தபடியே பிரித்துப் படித்தேன். படித்து முடித்தபோது நீ உள்ளே போயிருப்பாய்.

தபாலை யாருக்கும் கொடுக்காமல் நேராக மளிகைக் கடைக்குப் போய்ப் போனை நீட்டி, "அக்கா நம்பரத் தெறந்து விடும்" என்றேன். அவர் திறந்து கொடுத்தார். கூப்பிட்டால் போன் அணைந்திருக்கிறது. சித்ரா நம்பர் என்னிடம் இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை அவள்தான் கூப்பிடுவாள், நான் அதைக் குறித்து வைத்ததில்லை. சுடலையைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவன் மெஷினை நிறுத்தவைத்தேன். சாயங்காலம்தான் சொன்னான், "அண்ணாச்சி, நல்லபடியா முடிஞ்சிட்டு. கண்ணு முழிச்சிட்டாவ. கட்டிய டெஸ்டுக்கு அனுப்பியிருக்காவ, ரிசல்ட் வரணும்." உடனே கிளம்புகிறேன் என்றேன். "இப்பம் வராதீய, வார்டுல ஒருத்தரத்தான் விடுதாவ. வீட்டுக்கு வந்த பொறவு வாங்க" என்றான். பஸ் நிறுத்தத்தில் பையோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன். அன்றைக்குத் தபால்களையெல்லாம் இருட்டின பிறகு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒருவர்கூடத் திட்டவில்லை.

சாட்சிக் கையெழுத்தை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும். குமாஸ்தா போடட்டும், அந்த நூல் கடைக்காரர் போடட்டும். எனக்கு நீ இருந்தால் போதும். அப்பா அம்மா போன பிறகு என்னைப் பெயர் சொல்லி அதட்ட உன்னை விட்டால் யாரும் இல்லை.

ரிசல்ட் வந்ததும் சித்ராவை எழுதச் சொல். உன்னால் முடிந்தால் நீ எழுது.

தம்பி,
ஞானம்


முதலிபாளையம்
7 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஞானத்துக்கு,

ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்.

புற்று இல்லை. வெறும் கட்டிதான்.

டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் போயி நல்லா சாப்பிடுங்கம்மா" என்றார். சித்ரா அந்த இடத்திலேயே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகிற பெண்ணைச் சமாதானப்படுத்த வேண்டிய முனீஸும் சேர்ந்து அழுதான். நான் மட்டும்தான் அழவில்லை. எனக்குக் குரல் இன்னும் திறக்கவில்லை, அழுதாலும் சத்தம் வராது. இன்னும் கொஞ்ச நாள் பேசக் கூடாதாம். அதனால் நீ போனைத் திறந்துவிட்டும் பயனில்லை, கடிதம்தான். இதை நானே சொல்ல வேண்டும் என்று சித்ராவையும் போன் செய்ய விடவில்லை. சுடலை போனில் நீ கத்தியதெல்லாம் சித்ரா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இதோடு நீ ஜூலை இரண்டாம் தேதி எழுதிய கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எடுத்துப் பார். ஒரே ஒரு இடத்தில் சிவப்பு அம்பு ஒட்டியிருக்கிறேன். பழைய கம்பெனி ஸ்டிக்கர், அலமாரியில் ஒரு தாள் மிச்சம் இருந்தது. அம்பு எந்த வார்த்தையைக் காட்டுகிறது என்று பார்.

'ஒன்றும் பெறாதவன்.' அங்கேதான் பிழை.

பெறுகிறவன் சாட்சி போட்டால் அவனுக்கு எழுதியது செல்லாது. அதனால்தான் உன்னைக் கூப்பிடவில்லை. பேனாவைத் தூக்கிக்கொண்டு நீ வந்து நின்றிருந்தால் நான் உனக்கு எழுதியதை உன் கையாலேயே அழித்திருப்பாய். வீடு சித்ராவுக்கு. தெருப் பக்கம் தனி வாசல் இருக்கிற முன் அறை மட்டும், 'என் தம்பி ஞானதுரை தன் ஆயுள் உள்ளவரை குடியிருக்க. அவரை யாரும் எழுந்து போகச் சொல்லக் கூடாது.' வக்கீலம்மா எழுதிய வரி அப்படியே இதுதான். விற்கவோ அடகு வைக்கவோ உனக்கு உரிமை இல்லை. உட்கார்ந்திருக்க உரிமை உண்டு.

டிசம்பரோடு உன் வேலை முடிகிறது என்று எனக்குத் தெரியும். நீ குடியிருந்துகொண்டு அஞ்சலகமும் நடத்துகிற அந்த வீட்டை, வீட்டுக்காரரின் மகன் பம்பாயிலிருந்து வந்து இடிக்கப்போகிறான் என்பதும் தெரியும். ஈஸ்டர் சமயம் ஊருக்குப் போய்த் திரும்பிய சுடலை, அங்கே பேசிக்கொண்டதைக் கேட்டு வந்து அப்போதே சொல்லிவிட்டான். கருப்பட்டியைப் பற்றி நாம் அவ்வளவு நேரம் பேசினோமே, அதில் உனக்கு இதைச் சொல்ல ஒரு நிமிஷம் கிடைக்கவில்லையா? 'டிசம்பருக்குப் பிறகு இந்த விலாசத்துக்கு அனுப்ப வேண்டாம்' என்று நீ கோபத்தில் எழுதியதாக நினைத்தாய். எனக்கு அந்த வரியைத் தாண்டிப் படிக்க முடியவில்லை.

உன்னை எனக்குத் தெரியும். நாகர்கோவிலில் மகள் வீட்டுக்குப் போய் மருமகன் சோற்றில் உட்கார மாட்டாய். வா என்று நான் வாயால் கூப்பிட்டால், அக்கா வீட்டில் ஒட்டிக்கொண்டான் என்று ஊர் சொல்லும் என்பாய். முன்கூட்டியே சொல்லியிருந்தால் எனக்கு வேண்டாம், அடித்துவிடு என்று வந்து நின்றிருப்பாய். அதனால்தான் ஆபரேஷன் முடியும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான் வராமல் போயிருந்தாலும் அந்த அறை உனக்கு நின்றிருக்கும். அதை நினைத்துக்கொண்டுதான் அன்றைக்கு ஸ்ட்ரெச்சரில் படுத்தேன்.

இன்னொன்றையும் தெரிந்துகொள். இது என் யோசனை இல்லை. வக்கீல் ஆபீஸில் எல்லாம் எழுதிப் படித்துக் காட்டினார்கள். வீடு முழுக்க சித்ராவுக்கு என்று வந்ததும் அவள்தான் கேட்டாள், "ஏம்மா, அப்ப மாமா எங்க போவாங்க?" என்று. கிருத்திகா எழுதியதைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தாள்.

நான் செத்த பிறகுதான் உனக்கு உரிமை என்று உயில் சொல்கிறது. அதுவரை காத்திருக்க வேண்டாம். இப்போதே வா. அதுவரை நீ விருந்தாளிதான், ஆனால் சும்மா உட்காரவைக்க மாட்டேன். கார்ப்பரேஷன் தண்ணீர் வருகிற அன்றைக்கு நீதான் பிடிக்க வேண்டும்.

அக்கா,
அருள்கனி


பனைவிளை
13 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். கணக்கு வைக்கவில்லை.

உன் பதிவுத் தபால் இன்று வந்தது. உறையில் உன் எழுத்தைப் பார்த்ததும் அதைப் பையின் அடியில் வைத்தேன். ரிசல்ட் என்னவோ என்று மற்ற எல்லாருக்கும் முதலில் கொடுத்து முடித்தேன். கடைசியாக வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டுப் பிரித்தேன். 'புற்று இல்லை' என்ற வரியைப் படித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வேறு எதையும் படிக்கவில்லை. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. அடுத்த வீட்டு அம்மாள் வந்து கதவைத் தட்டி, "ஏன் அண்ணாச்சி, யாரும் தவறிட்டாவளா?" என்று கேட்டாள். "இல்ல தாயி, எங்க அக்கா பொழச்சிட்டா" என்றேன். சொல்லும்போது அவளுக்கு முன்னால் அழுதுவிட்டேன். இனி ஊர் முழுக்கத் தெரியும்.

பிறகுதான் அந்த அம்பைப் பார்த்தேன். எடுத்தவுடன் புரியவில்லை. நீ எழுதியதைப் படித்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். அந்த வக்கீலம்மா ஏன் சாப்பிட்டீர்களா என்று கேட்டாள் என்பதும் அப்போதுதான் புரிந்தது. அவளுக்கு என் நமஸ்காரத்தைச் சொல். தகுதியைப் பற்றி அந்தப் பிள்ளையிடம் எவ்வளவு சத்தம் போட்டேன்!

வீட்டைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டு மாசமாகச் சாத்தான்குளத்தில் வாடகைக்கு அறை பார்த்துக்கொண்டிருந்தேன். தனி ஆளுக்கு, அதுவும் வயதான ஆளுக்கு, யாரும் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். படுத்தால் இதுதான் ஓடும். எனக்கு ஒரு கதவு இருக்கிறது, அதைத் திறந்து போ என்று யாரும் சொல்லக் கூடாது என்று எழுதியும் இருக்கிறது என்பதைப் படித்ததும் மனசு லேசாகிவிட்டது. வேண்டாம் என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்து பார்த்தேன். வரவில்லை. சொல்லப்போவதுமில்லை. வருகிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறுகிறேன், உன்னைப் பார்க்க. அப்போது பேச முடியாவிட்டால் எழுதிக் காட்டு, நான் பேசிக்கொள்கிறேன். டிசம்பர் முடிந்து பெட்டியோடு வருவேன். சித்ராவுக்கு இந்தத் தடவை கருப்பட்டி கூடுதலாகவே கொண்டுவருகிறேன். எனக்கு இடம் கேட்டவள் அவள் என்று தெரியாமல், அவளுக்காக நான் உன்னிடம் பெரிய மனுஷன் மாதிரிப் பேசியிருக்கிறேன். முனீஸிடம் சொல், சாட்சிக்கு ஆகாதவர்கள் இரண்டு பேர் ஆகிவிட்டோம். தண்ணீர் பிடிப்பதை அவனும் நானும் பங்கு போட்டுக்கொள்கிறோம்.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். ஒப்புகை அட்டையை நீட்டி, "இங்க போடுங்க தாயி, பெறுபவர்னு இருக்குல்லா, அந்த எடத்துல" என்று இந்த ஊரில் எல்லார் வீட்டு வாசலிலும் நின்றிருக்கிறேன். ஜூனில் உன் அட்டையில் நான் அதை வேண்டா வெறுப்பாகத் தபால்காரனாகப் போட்டேன். இன்று மேஜையில் வைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முழுப் பெயரையும் எழுதினேன். பொன்னாத்தாள் அம்மா மாதிரி ஒவ்வொரு எழுத்தாக. உன் உயிலில் கையெழுத்துப் போட வேண்டும் என்றுதானே இவ்வளவு சண்டையும் போட்டேன்? அதற்குப் பதிலாக இதை வைத்துக்கொள். அட்டை நாளைப் பையில் வருகிறது.

இப்படிக்கு,
பெறுபவன்,
ஞானதுரை